பழைய காருக்கு வாங்கிய கண்ணாடி ரப்பர் செட்: நேர்ப்பட்டை அருமை, மூலைதான் சொதப்பல்

கார் வாங்கி இருபது வருடம் ஆகிவிட்டது, நான்கு கதவு செடான், இஞ்சின் இன்னும் சமர்த்தாகத்தான் ஓடுகிறது. வயது தெரிவது ரப்பரில். கதவுக்கு வெளியே, கண்ணாடியும் தகரமும் சந்திக்கிற இடத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும் இல்லையா, அதை விரலால் அழுத்தினால் அழுந்தவே இல்லை. நகத்தால் கீறினால் காய்ந்த மரப்பட்டை மாதிரி துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதன் உள்பக்கம் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டிய மெல்லிய உதடு பாதி இடத்தில் காணாமலே போயிருந்தது. அதனால்தான் நான்கு கதவுக்கும் சேர்த்து பன்னிரண்டு உருப்படி இருக்கிற ஒரு செட்டை இணையத்தில் வரவழைத்தேன். கார் கம்பெனியின் சொந்தப் பாகம் அல்ல, வெளியார் தயாரிப்பு. பெயர் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி செட்டை வெவ்வேறு உறைகளில் பலர் விற்கிறார்கள், சுகமும் துக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஏன் நான்கு இல்லை என்பதற்குக் காரணம் கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையில் இருக்கிறது, அங்கே வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நான் முதல் தடவை ஆர்டர் போட்டதே தப்பான பொருளை. "டோர் பீடிங்" என்று தேடினேன், வந்தது கதவு மூடுகிற வாசலைச் சுற்றி மாட்டுகிற குழாய் மாதிரியான ரப்பர். அது வேறு, அதற்குக் கண்ணாடியோடு சம்பந்தமே இல்லை. திருப்பி அனுப்பி இன்னொன்று வாங்கும் வரை ஒரு மாதம் ஓடிவிட்டது. நீங்களும் அலையாமல் இருக்க: கண்ணாடி சம்பந்தப்பட்டவை மூன்று. வெளியே தெரிகிற பட்டை, சிலர் அவுட்டர் பெல்ட் என்பார்கள், சிலர் வைப்பர் ரப்பர் என்பார்கள், கண்ணாடி இறங்கும்போது தண்ணீரை வழித்து விடுவதால் அந்தப் பெயர். அதற்கு நேர் எதிரே, கதவின் உள்பக்கம் ஓடுகிற இன்னர் பட்டை. மூன்றாவது கிளாஸ் ரன் சேனல், கண்ணாடி ஏறி இறங்குகிற பள்ளத்துக்குள் வெல்வெட் ஒட்டிய 'ப' வடிவ ரப்பர், சட்டத்தை மூன்று பக்கமும் சுற்றி, கதவுக்குள்ளேயும் இரண்டு கால்கள் மாதிரி இறங்கும். கதவு ஒன்றுக்கு மூன்று, நான்கு கதவுக்குப் பன்னிரண்டு. கணக்கு அவ்வளவுதான்.

நான் மாற்ற நினைத்த காரணங்கள் மூன்று. ஒன்று, கண்ணாடியைப் பாதி இறக்கி மேடு பள்ளத்தில் போனால் கடகடவென்று ஆடும். இரண்டு, வேகம் ஏற ஏற ஓட்டுநர் பக்கம் ஒரு விசில். மூன்று, மழைக்கு அப்புறம் பின்சீட்டின் கால் வைக்கிற இடத்தில் கார்பெட் ஈரம். மூன்றுக்கும் ரப்பர்தான் குற்றவாளி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒன்றுக்கு மட்டும்தான் அது முழுப் பொறுப்பு.

பொருள் எப்படி என்று பார்ப்போம். வெளிப்பட்டைகள் நான்கும் நீளமான அட்டைப் பெட்டியில் மடங்காமல் வந்தன, இது பெரிய விஷயம், ஏனென்றால் இவற்றுக்குள் தகரத்தில் ஒரு முதுகெலும்பு உண்டு, ஒரு தடவை மடிந்தால் அந்த மடிப்பு ஆயுசுக்கும் கதவில் தெரியும். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது, ஆக உள்ளே இரும்புத் தகரம். பழையதிலும் இரும்புதான், அதுதான் இரண்டு முனைகளிலும் துருப்பிடித்து ஊதி, ரப்பரைப் பிளந்து வெளியே வந்திருந்தது. புதியதை முனையில் பார்த்தால் வெட்டிய தகரம் அப்படியே மொட்டையாகத் தெரிகிறது, பூச்சு எதுவும் இல்லை. தொழிற்சாலையில் நீளமாக வார்த்து அளவுக்கு வெட்டுகிறபோது இப்படித்தான் ஆகும், ஆனால் நல்ல தயாரிப்பில் முனைக்கு ஒரு மூடி வைப்பார்கள். இதில் மூடி இரண்டு பட்டைகளுக்குத்தான் இருந்தது. மற்ற முனைகளில் நானே டச்-அப் பெயின்ட்டைத் தொட்டு வைத்துக் காயவிட்டேன். ஐந்து நிமிட வேலை, மாட்டிய பிறகு செய்ய முடியாத வேலை.

ரப்பர் தரம் நன்றாகவே இருந்தது. இபிடிஎம் என்று போட்டிருந்தார்கள், அது ஒரு வகைச் செயற்கை ரப்பர். இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், வெயிலையும் ஓசோனையும் சாதாரண ரப்பரைவிடப் பல மடங்கு தாங்கும். சேனலுக்குள் இருக்கிற வெல்வெட் உண்மையில் துணி இல்லை, பசை தடவிய ரப்பரின் மேல் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல்துகள்களை நட்டு வைத்தது, ஆங்காங்கே வழுக்கையாக இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், நான்கு சேனலிலும் சீராக இருந்தது. இந்த வெல்வெட் தேய்ந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு என் பழைய கண்ணாடியே சாட்சி: மேலிருந்து கீழே ரயில் தண்டவாளம் மாதிரி கோடுகள். வெல்வெட் போன இடத்தில் மணல் சிக்கிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவை கண்ணாடி ஏறி இறங்கும்போதும் அது உப்புத்தாள் வேலை செய்கிறது. ரப்பர் மாற்றினால் அந்தக் கோடு போகாது. புதுக் கோடு விழாது, அவ்வளவுதான்.

இடம் வலம் என்று ஒரு குறி கூட எதிலும் இல்லை. பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் தயவுசெய்து பழையதை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கழற்றுவது பற்றி. வெளிப்பட்டையை மட்டும் மாற்றுவதென்றால் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, கழற்றாமலே செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், சில காரில் அது உண்மை. என் காரில் பட்டையின் பின்முனையில், கதவின் விளிம்பில், ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, முன்முனை பக்கவாட்டு மிரரின் மூடிக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்கிறது. இது தெரியாமல் நெம்பியிருந்தால் கதவின் பெயின்ட் போயிருக்கும். பட்டைக்குக் கீழே பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் பின்முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினேன். ஸ்க்ரூடிரைவரால் செய்யாதீர்கள். டேப் இருந்தும் ஒரு இடத்தில் எனக்குச் சுண்டுவிரல் நக அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்தது, பட்டை மறைத்துவிட்டதால் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

டோர் பேட் கழற்றுவது பொறுமை வேலை. கைப்பிடிக்குள் ஒரு ஸ்க்ரூ, உள் லீவருக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, அப்புறம் சுற்றிலும் அழுத்திப் பொருத்திய கிளிப்புகள். இத்தனை வருட பிளாஸ்டிக், முதல் கதவிலேயே நான்கு கிளிப் உடைந்தன. செட்டில் ஒரு கிளிப் கூட உபரியாகக் கொடுக்கவில்லை, இது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. தனியாக ஒரு பொட்டலம் கிளிப் வாங்கி வைத்துக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். உடைந்த ஒன்று கதவுக்குள் விழுந்து, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் "டொக்" என்றது. காந்தக் குச்சியால் துழாவினேன், பிளாஸ்டிக் எப்படிக் காந்தத்தில் ஒட்டும் என்று யோசிக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

வெளிப்பட்டை மாட்டியது இந்தச் செட்டின் உச்சக்கட்டம். முன்முனையைச் சொருகி, மேலிருந்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டே பின்னால் போனால் "க்ளக், க்ளக்" என்று ஒவ்வொரு பிடியும் உட்காருகிற சத்தம் கேட்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை. கண்ணாடியில் வேண்டுமென்றே தண்ணீர் தெளித்துவிட்டு இறக்கி ஏற்றினேன், ஈரம் ஒரே வழிப்பில் துடைத்துக்கொண்டு வந்தது, தெளிவாக, நடுவில் ஒரு கோடு கூட இல்லாமல். இதற்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. காரின் முகமே மாறிவிட்டது என்பது மிகை இல்லை, வெளுத்துப்போன கறுப்பு எவ்வளவு கிழடாகக் காட்டுகிறது என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

இன்னர் பட்டை பரவாயில்லை ரகம். என் காரில் அது கதவின் தகர விளிம்பில் அப்படியே சொருகுவது. சில காரில் டோர் பேடின் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடித்து இணைத்திருப்பார்கள், அப்படியிருந்தால் வேலை இரட்டிப்பு. விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வாங்குமுன் உங்கள் காரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டை மட்டும் பிடி தளர்வாக இருந்தது, இடுக்கியால் மெல்ல அழுத்தி இறுக்கியதும் நின்றுகொண்டது.

இப்போது சேனல், அதாவது வயிற்றெரிச்சல்.

கார் கம்பெனி கொடுத்த பழைய சேனலை எடுத்துப் பார்த்தால், சட்டத்தின் மேல் மூலைகளில் அது வளைக்கப்பட்டதில்லை, அந்த மூலையின் வடிவத்திலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. நேர்த்துண்டுகளைத் தனியாக இழுத்து, மூலையை அச்சில் வார்த்து, இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறார்கள். மூலைக்குள் விரலை விட்டால் கூர்மையாக, நிறைவாக இருக்கும். எனக்கு வந்த செட்டில் பின்கதவுச் சேனல் இரண்டும் அப்படித்தான் இருந்தன, முன்கதவுச் சேனல்களில் மட்டும் மூலையைச் சாய்வாக வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு விதம்! படத்தில் காட்டியது வார்த்த மூலை.

சரி, மாட்டித்தான் பார்ப்போமே என்று மாட்டினேன். முறை இதுதான்: கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுப் பழைய சேனலை மேலிருந்து உருவி எடுக்க வேண்டும், பள்ளத்தில் சேர்ந்திருக்கிற மண்ணைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும், புதியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து முதலில் மூலைகளை உட்கார வைக்க வேண்டும், அப்புறம் மூலையிலிருந்து நடுவை நோக்கி அழுத்திக்கொண்டே வர வேண்டும், கடைசியில் கால்களைக் கதவுக்குள் இருக்கிற தகர வழிகாட்டிக்குள் இறக்க வேண்டும். ஒரு முனையில் ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ரப்பர் இழுத்தால் வரும், சந்தோஷமாக வரும், நாலு நாள் கழித்துத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும், அப்போது மூலையில் இடைவெளி விழும். சரியாகச் செய்தால் நடுவில் கொஞ்சம் ரப்பர் மிஞ்சி விம்மி நிற்கும், அந்த விம்மலை உள்ளங்கையால் அழுத்தி உள்ளே அடக்குவதுதான் கணக்கு.

நான் இழுக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது வாரம் ஓட்டுநர் பக்கக் கதவின் மூலையில் ஒட்டு விட்டுக்கொண்டது. நகம் நுழைகிற அளவு பிளவு. கண்ணாடியை முழுக்க ஏற்றினால் அதன் முனை அந்தப் பிளவில் இடித்து ரப்பர் ஓரத்தை மேலே தூக்குகிறது. என் காரின் பவர் விண்டோவில் ஏதாவது தடை பட்டால் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும் வசதி உண்டு, கையைக் காப்பாற்ற வைத்தது. ரப்பர் ஓரத்தைக் கை என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி மேலே போய் போய்த் திரும்பி வந்தது. (இந்த வசதி இருக்கிறவர்கள் கவனிக்க: புதுச் சேனல் போட்டதும் உரசல் கூடுவதாலேயே இப்படி நடக்கலாம். பல காரில் கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில விநாடி பிடித்தே வைத்திருந்தால் அது புது அளவைக் கற்றுக்கொள்ளும், உங்கள் காரின் கையேட்டில் எப்படி என்று பாருங்கள். என் பிரச்சினை அதில் தீரவில்லை, ஏனென்றால் தடை உண்மையாகவே இருந்தது.)

மூலையில் சிலிக்கான் சீலன்ட்டை அப்பிவிடு என்று நண்பர் சொன்னார். வேண்டாம். கண்ணாடி அதில் ஒட்டிக்கொண்டால், அடுத்த தடவை இறக்கும்போது கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டரின் கம்பி அறுந்தால் யார் பொறுப்பு. உடைப்புக்குப் போன அதே மாடல் காரிலிருந்து எடுத்துப் போடலாமா என்றும் யோசித்தேன், அதுவும் என் காரின் வயசுதானே, அதன் வெல்வெட் மட்டும் தேயாமலா இருக்கும். கடைசியில் முன்கதவு இரண்டுக்கும் கம்பெனிச் சேனலே தனியாக வாங்கிப் போட்டேன். மூலை உட்கார்ந்த விதத்திலேயே வித்தியாசம் கைக்குத் தெரிந்தது, தள்ள வேண்டியதே இல்லை, தானாகப் போய் அமர்ந்துகொண்டது.

விற்பனையாளரிடம் படம் எடுத்து அனுப்பினேன். பாதிப் பணம் திருப்பித் தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. தந்தும் விட்டார்கள். ஆனால் படத்தை மாற்றுங்கள் என்று நான் எழுதியதற்குப் பதில் இல்லை, இன்றுவரை அதே படம்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, "இலகுவாக ஏறி இறங்க கிரீஸ் அல்லது வாசலின் தடவவும்" என்று. தயவுசெய்து தடவாதீர்கள். இபிடிஎம் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும், அதோடு பிசுபிசுப்பில் மண் ஒட்டி மறுபடி உப்புத்தாள் கதைதான். சிலிக்கான் ஸ்பிரே போதும், அதையும் துணியில் அடித்து வெல்வெட்டில் லேசாகத் தடவினால் போதும். நேராக அடித்தால் சிதறி முன்கண்ணாடியில் படியும், இரவில் எதிர் வெளிச்சத்தில் அவஸ்தை.

இனி அந்த ஈரக் கார்பெட். எனக்கே ஆச்சரியமாக இருந்த பகுதி இதுதான். வெளிப்பட்டை தண்ணீரை முழுக்கத் தடுக்காது, தடுக்க வேண்டும் என்று அதை யாரும் செய்யவும் இல்லை. கண்ணாடியில் வழிகிற மழையில் கொஞ்சம் எப்போதும் கதவுக்குள் போகத்தான் செய்யும். போன தண்ணீர் கதவின் அடியில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக வெளியேறிவிடும், காருக்குள் வராமல் இருக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், ஒட்டும் கறுப்புக் களிம்பால் தகரத்தோடு ஒட்டியிருக்கும். பின்கதவில் பேடைக் கழற்றியதும் பார்த்தேன், யாரோ முன்னால் ஸ்பீக்கர் மாற்றியவர் அந்தத் தாளைக் கீழ்ப்பக்கம் கிழித்து அப்படியே விட்டுவிட்டிருக்கிறார். போதாததற்குத் துளைகள் மக்கிய இலையால் அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினேன், சாய்த்த குடம் மாதிரி பழுப்புத் தண்ணீர் கொட்டியது, நாற்றத்தோடு. எத்தனை நாள் கதவுக்குள் குளம் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்!

புது ரப்பரை மட்டும் போட்டுவிட்டுப் பேடை மூடியிருந்தால் அடுத்த மழையிலும் கார்பெட் நனைந்திருக்கும், நான் இந்தச் செட்டைக் குப்பை என்று எழுதியிருப்பேன். இதே பொருளுக்கு "போட்ட பிறகும் தண்ணீர் வருகிறது" என்று ஒற்றை மதிப்பெண் போட்டிருக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளைப் பார்த்தார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். தாளை மாற்றி, புதுக் களிம்பு வைத்து ஒட்டி, ஹோஸ் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து ஆரம்பித்து மேலே ஏறி ஏறிச் சோதித்தேன், உள்ளே மகன் டார்ச்சோடு உட்கார்ந்து "இல்லைப்பா, இல்லைப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மேலிருந்து விட்டால் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே நனைந்துவிடும்.

கடகடவென்ற ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது, அது சேனலின் வேலை, முழு மரியாதையும் அதற்கே. விசில் மட்டும் பாதிதான் குறைந்தது. பக்கவாட்டு மிரரின் முக்கோண மூடியில் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன், விசில் போய்விட்டது, டேப்பை எடுத்ததும் வந்துவிட்டது. ஆக அது அந்த மூடிக்கு அடியில் இருக்கிற சின்னப் பஞ்சின் வேலை, செட்டில் இல்லாத உருப்படி. இந்த டேப் சோதனையை முதலிலேயே செய்திருக்கலாம், காசா பணமா.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். முதல் கதவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது, நான்காவது கதவுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. அதனால் ஆரம்பத்தைப் பின்கதவில் வைத்துக்கொள்ளுங்கள், பழகுகிற தப்பெல்லாம் நீங்கள் தினம் பார்க்காத கதவில் நடக்கட்டும். குளிராக இருக்கிற நாளில் செய்தால் சேனலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள், சுருண்டு வந்த ரப்பர் நேராகும், கைக்கும் வலி மிச்சம்.

இன்னொரு தடவை வாங்குவேனா என்றால், வெளிப்பட்டையும் இன்னரும் இதிலேயே வாங்குவேன், தனியாகவும் விற்கிறார்கள். சேனலை வாங்கினால் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக மூலைக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். ஒட்டு தட்டுப்பட்டால் மறுபடி பெட்டிக்குள் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.